ஒக்டோபர் 30 அன்று என்னென்ன நடந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறேன். காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை 'வரலாற்றில் இன்று' வாசிக்கும். முதல் நாளே அதைக் கரும்பலகையின் மூலையில் எழுதிவைப்போம். வருடத்தின் எல்லா நாட்களையும் விட, அதிகமான கேள்விகள் வருவது ஒக்டோபர் 30க்குத்தான். பிள்ளைகளும் பெற்றோரும் இந்தியாவிலிருந்து பேசும் உறவுகளும் கேட்டவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஒக்டோபர் 30இல் மலையகத்துக்கு அப்படி என்ன இருக்கிறது?

1964 ஒக்டோபர் 30, வெள்ளிக்கிழமை. புதுடில்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் என்று நாம் சொல்வது அதைத்தான். 35 வருடம் கழித்து, 1999இல், அதே ஒக்டோபர் 30 அன்று மலையகத் தமிழரின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் காலமானார். மலையகத்துக்கு இவ்வளவு கனமான நாள் வேறு இருக்கிறதா என்று தெரியாது. ஆனால் பொதுவாகக் கிடைக்கும் 'இன்றைய நாள்' பட்டியல்களில் முதலில் நிற்பது மரடோனாவின் பிறந்தநாள். எங்கள் பலகையில் ஒப்பந்தம் முதல் வரியில் வரும், மரடோனா இரண்டாவதாக வருவார்.

அந்த ஒப்பந்தத்தில் என்ன இருந்தது? பாட்டி "எங்களைப் பங்கு போட்டாங்க" என்கிறாரே?

பாட்டி சொல்வது சரி. கொஞ்சம் பின்னால் போனால்தான் விளங்கும்.

1947 தேர்தலில், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த தோட்டத் தமிழர்கள் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம். பிரஜையாக வேண்டுமானால் தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று காட்டவேண்டும். இல்லையென்றால் தகப்பன்வழித் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டவேண்டும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்து லயத்திலேயே இறந்த மனிதர்களிடம் அதற்கு ஏது பத்திரம்? 1949இல் வாக்குரிமையும் போனது. இலட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள்.

நேரு இருந்தவரை, இலங்கையில் வேரூன்றியவர்கள் இலங்கையின் பொறுப்பு என்ற நிலைப்பாட்டில் இருந்தார். அவர் 1964 மே மாதம் இறந்தார். சாஸ்திரி பிரதமரானார். ஐந்து மாதத்தில் கணக்கு முடிந்துவிட்டது.

கணக்கு இதுதான். நாடற்றவர்கள் மொத்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். அதில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும். மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எல்லாம் 15 வருடத்துக்குள் முடியவேண்டும். அந்த மிச்சத்தை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் பாதிப் பாதியாக, ஆளுக்கு 75 ஆயிரமாகப் பிரித்துக்கொண்டார்கள்.

மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு அரசாங்கங்கள் இருந்தன. கொழுந்து பறித்தவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்த ஒரு வரியைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யாவிட்டாலும் விளங்கிக்கொள்ளவேண்டும் என்று நினைக்கிறேன். 5 இலட்சத்து 25 ஆயிரம் என்பது தனித்தனி ஆட்களின் எண்ணிக்கை. ஆட்களோ குடும்பமாக வாழ்ந்தார்கள். அண்ணனுக்கு இந்தியப் பிரஜாவுரிமை, தம்பிக்கு இலங்கை. கலியாணம் முடித்த மகள் புருசன் வீட்டாரோடு இங்கே, பெற்றவர்கள் அங்கே. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கோச்சி புறப்படும்போது பிளாட்போம் முழுக்க ஒப்பாரியாக இருக்கும் என்று அந்தக் காலத்தவர்கள் எல்லோருமே சொல்வார்கள்.

அப்படிப் போனவர்கள் எந்த வழியாகப் போனார்கள்?

மலையிலிருந்து கோச்சியில் இறங்கி, பொல்காவலையில் வடக்கே திரும்பி, மதவாச்சியில் பிரிந்து தலைமன்னார். அங்கிருந்து கப்பல்.

இங்கே இன்னொரு திகதியும் வருகிறது. ஒப்பந்தம் ஆகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதுவரை தலைமன்னார்க் கப்பல் போய்ச் சேர்ந்த துறை அதுதான். அதனால் ஒப்பந்தத்தின்படி போனவர்கள் இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் சில நாள் தங்கினார்கள். பிறகு பலர் நீலகிரிக்குப் போனார்கள்; கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கமெல்லாம் இன்றைக்கும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியது. அதுதான் பிறகு டான்டீ என்ற கூட்டுத்தாபனம் ஆனது. இங்கே பறித்த கை அங்கேயும் கொழுந்துதான் பறித்தது.

1984இல் கப்பல் நின்றது. போகவேண்டிய பலர் போகாமலே இங்கே தங்கினார்கள்.

சட்டத்திலேயே ஒக்டோபர் 30 எழுதியிருக்கிறதாமே, உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கே அதுதான் காரணம்.

2003இல் பாராளுமன்றம் 35ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம். யாருக்குக் கிடைக்கும்? 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்பவருக்கும், அப்படி வாழ்ந்தவரின் வழிவந்து இப்போது இலங்கையில் இருப்பவருக்கும். சட்டத்தில் அந்தத் திகதி அப்படியே இருக்கிறது. நாடற்றவர் பிரச்சினை தீர்ந்ததே ஒரு திகதியைப் பிடித்துக்கொண்டுதான்.

ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது: "சேர், அன்னைக்கு நம்ம தாத்தா எங்க இருந்தாருன்னு யாருக்குத் தெரியும்?" நல்ல கேள்வி. அந்த வெள்ளிக்கிழமை தாத்தா காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போயிருப்பார், மலையில் நின்றிருப்பார், பின்னேரம் லயத்துக்கு வந்திருப்பார். டில்லியில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. 39 வருடம் கழித்து, அன்றைக்கு அவர் இங்கே இருந்தார் என்பதுதான் பேரப்பிள்ளையைப் பிரஜை ஆக்கியது.

தொண்டமான் இறந்ததும் அதே நாள்தானா? பிறந்தது எப்போது?

பிறந்தது 1913 ஓகஸ்ட் 30, தமிழ்நாட்டில் முனைப்புத்தூரில். சிறுவயதில் இலங்கைக்கு வந்து கம்பளை சென்ட் அண்ட்ரூஸ் கல்லூரியில் படித்தார். 1947இல் பாராளுமன்றம் போன அந்த 7 பேரில் ஒருவர், நுவரெலியா உறுப்பினர். அதற்குப் பிறகு நம் மக்களின் வாக்கில் அவர் மறுபடி பாராளுமன்றம் போனது 1977இல்தான், நுவரெலியா – மஸ்கெலியா தொகுதியில். இடையில் முப்பது வருடம். 1978இல் அமைச்சரானார். 1999 ஒக்டோபர் 30, சனிக்கிழமை, 86ஆம் வயதில் காலமானார்.

அவருடைய அரசியலைப் பற்றி வீட்டுக்கு வீடு வேறு வேறு அபிப்பிராயம் உண்டு. பலகையில் அதை நாங்கள் எழுதுவதில்லை. ஆனால் ஒப்பந்தம் எழுதப்பட்ட நாளும், ஒப்பந்தத்துக்குப் பிறகான காலம் முழுவதும் பிரஜாவுரிமைக்காகப் பேரம் பேசிய மனிதர் போன நாளும் ஒன்று என்பதை எழுதுவோம்.

அன்றைக்குப் பிறந்த பெரியவர்கள் யார் யார்?

மரடோனா, 1960, ஆர்ஜென்டீனா. புவனஸ் அயர்ஸுக்கு வெளியே வில்லா பியொரிட்டோ என்ற சேரியில் வளர்ந்தார். தோட்டத்து மைதானத்தில் வெறுங்காலோடு பந்து அடிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் முகம் மாறுவதைப் பார்க்கலாம். 1986 உலகக் கிண்ணத்தை வென்ற அணியின் தலைவர். இறந்தது 2020 நவம்பர் 25. அவர் மிகவும் மதித்த பிடல் காஸ்ட்ரோ இறந்ததும் ஒரு நவம்பர் 25இல்தான், 2016இல்.

ஹோமி பாபா, 1909, பம்பாய். இந்திய அணுசக்தித் திட்டத்தைத் தொடங்கியவர். 1966 ஜனவரி 24 அன்று மோன்ட் பிளாங் மலையில் விமானம் மோதி இறந்தார். அதற்கு இரண்டு கிழமை முன்னால், ஜனவரி 11 அன்று, சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்திருந்தார்.

முத்துராமலிங்கத் தேவர், 1908, பசும்பொன். தமிழ்நாட்டில் தேவர் ஜெயந்தியும் குருபூசையும் ஒக்டோபர் 30இல் சேர்ந்தே நடக்கும். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களில் இதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஜோன் அடம்ஸ், 1735. இவரைப் பற்றிக் கீழே ஒரு விசயம் இருக்கிறது.

உலகத்தில் வேறு என்ன நடந்தது?

1961இல் சோவியத் ஒன்றியம் ஆர்க்டிக்கில் நோவயா செம்லியா தீவில் ஒரு குண்டை வெடித்துச் சோதித்தது. சுமார் 50 மெகாதொன். மனிதர் இதுவரை வெடித்தவற்றில் அதைவிடப் பெரியது இல்லை. 1928இல் லாகூரில் சைமன் கமிஷனுக்கு எதிரான ஊர்வலத்தில் லாலா லஜபதி ராய் பொலிசாரின் தடியடி பட்டார். மூன்று கிழமைக்குள் இறந்தார். 1910இல் செஞ்சிலுவை இயக்கத்தின் தந்தை ஹென்றி டுனான்ட் சுவிட்சர்லாந்தில் காலமானார். 1945இல் இந்தியா ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தது. 1974இல் கின்ஷாசாவில் முகமது அலி, எட்டாவது சுற்றில் ஜோர்ஜ் போர்மனை விழுத்தி உலகப் பட்டத்தைத் திரும்ப எடுத்தார்.

இலங்கையில்?

1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணித்தியாலங்களுக்குள் வெளியேறச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள், கையில் எடுக்க முடிந்ததோடு புறப்பட்டார்கள். இதைப் பலகையில் போடவேண்டுமா என்று ஒருமுறை கேட்டார்கள். நிச்சயமாகப் போடவேண்டும். நம்மைப் போகச் சொன்ன நாளை ஞாபகம் வைத்திருப்பவர்கள், அதே திகதியில் இன்னொரு சனத்தைப் போகச் சொன்னதையும் ஞாபகம் வைத்திருக்கவேண்டும்.

மீரியபெத்த மண்சரிவு 29ஆ, 30ஆ?

29. கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நேரம். பத்திரிகைகளில் பெரிதாக வந்தது மறுநாள். பத்திரிகையை வெட்டி வைத்திருப்பவர்கள் 30 என்று சொல்வது அதனால்தான். பத்திரிகையின் திகதியும் சம்பவத்தின் திகதியும் ஒன்றல்ல, பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதை. இறந்தவர்களின் உறவுகள் விளக்கு ஏற்றுவது 29ஆம் திகதியில். அவர்கள் நாளை நாம் மாற்றக்கூடாது.

அலியின் குத்துச்சண்டையை ஓரிடத்தில் 29 என்றும் இன்னோரிடத்தில் 30 என்றும் போடுகிறார்களே?

இரண்டுமே சரி. அமெரிக்காவில் இரவில் பார்க்க வசதியாக, சண்டையை கின்ஷாசாவில் விடியப்புறம் 4 மணியளவில் வைத்தார்கள். அங்கே 30ஆம் திகதி பிறந்துவிட்டது. நியூயோர்க்கில் அப்போது 29ஆம் திகதி இரவு 10 மணி. நடந்த இடத்தின் திகதியைத்தான் நாங்கள் எடுப்போம்.

ஜோன் அடம்ஸ் கதை வேறு. அவர் பிறந்தபோது அங்கே பழைய யூலியன் நாட்காட்டிதான் இருந்தது. அதன்படி ஒக்டோபர் 19. 1752இல் பிரித்தானியாவும் அதன் குடியேற்றங்களும் கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது அது 30 ஆகிவிட்டது. ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கி இதற்கு எதிர்ப்பக்கம். பழைய கணக்கில் 1821 ஒக்டோபர் 30இல் பிறந்தவர், புதிய கணக்கில் நவம்பர் 11. அவரை ஒக்டோபர் 30 பட்டியலில் பார்த்தால் நம்பிவிடாதீர்கள்.

ஒரே திகதியில் இவ்வளவு நடந்திருப்பது ஏதாவது விசேஷமா? நாள் பலன் மாதிரி?

இல்லை. இருப்பது 366 திகதி. நடந்த காரியங்களோ கணக்கில் அடங்காதவை. எந்தத் திகதியைத் தோண்டினாலும் இதே அளவு வரும். உலகத்தில் 800 கோடிப் பேர் என்றால், எந்த ஒரு திகதியை எடுத்தாலும் சுமார் 2 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு அது பிறந்தநாள்.

வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். 23 பேர் இருந்தால், அதில் இரண்டு பேருக்காவது ஒரே பிறந்தநாளாக இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். 40 பேர் என்றால் நூற்றுக்கு 89. ஏனென்றால் ஒருவரை மற்ற எல்லோரோடும் ஒப்பிடவேண்டும். 23 பேருக்குள் 253 சோடி இருக்கிறது. ஒரு வருடம் பத்தாம் வகுப்பில் கேட்டுப் பார்த்தோம், மார்ச் 8இல் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். இரண்டு வருடமாக ஒரே வாங்கில் இருந்தவர்கள், அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள்.

இருந்தாலும், மனதைத் தொடுகிற ஒற்றுமை ஏதாவது?

ஒன்று இருக்கிறது. ஒப்பந்தத்தில் இரண்டு பேர் சம்பந்தப்பட்டார்கள் அல்லவா? சாஸ்திரி பிறந்தது 1904 ஒக்டோபர் 2, காந்தி பிறந்த அதே திகதி. இது பலருக்குத் தெரியும்.

சிறிமாவோ பிறந்தது 1916 ஏப்ரல் 17. அதே ஏப்ரல் 17இல், 1972இல், கண்டியில் முத்தையா முரளிதரன் பிறந்தார். அவருடைய தாத்தா தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர், பிறகு திருச்சிக்கே திரும்பிப்போனவர். பிள்ளைகள் இங்கே நின்றார்கள். அந்தப் பேரன்தான் இலங்கைத் தொப்பியோடு 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தார், கடைசி விக்கெட் 2010 ஜூலை 22, காலி மைதானத்தில். இதற்குப் பலன் எதுவும் சொல்ல வராது. ஆனால் ஏப்ரல் 17 வரும்போது இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன், அப்போது சோக்கட்டி கொஞ்சம் மெதுவாகத்தான் போகும்.

எங்கள் பாட்டிக்குப் பிறந்த திகதியே சரியாகத் தெரியாது. என்ன செய்வது?

எங்கள் அம்மாயிக்கும் தெரியாது. "47 வெள்ளம் வந்துச்சுல்ல, அந்த வருசம் ஐப்பசி அடமழையில பொறந்தேன்" என்பார். 1947 ஓகஸ்டில் மகாவலி பெருகிக் கம்பளையை மூடிய வெள்ளம் அது. அப்படியென்றால் ஐப்பசி, ஒக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையில். அவருடைய அடையாள அட்டையிலோ 1949 ஜனவரி 1. பிறப்பைப் பதியாமல் விட்டு, பிறகு யாரோ ஒரு பேனாக்காரர் வசதிக்குப் போட்ட திகதி. அந்தத் தாளின்படி வயது வரும்வரை, ஒன்றேகால் வருடம் கூடுதலாகக் கூடையைச் சுமந்தார். சேமலாப நிதி எடுக்கப் போனபோது ஓர் அலுவலகத்தில் பெயர் ஒரு மாதிரியும் வயது ஒரு மாதிரியும் இருக்கிறது என்று நாலு தடவை திருப்பி அனுப்பினார்கள். அப்போது அவர் கையில் இருந்த பொலித்தீன் பை இன்னும் வீட்டில் இருக்கிறது; எல்லாப் பத்திரமும் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்னால் பிளாஸ்டர் ஒட்டி.

ஆகவே பாட்டியிடம் "எத்தனையாம் திகதி?" என்று கேட்காதீர்கள். என்ன மழை, எந்தத் திருவிழா, தோட்டத்தில் அப்போது எந்தத் துரை, மூத்தவருக்கும் அவருக்கும் எத்தனை வயது இடைவெளி என்று கேளுங்கள். தீபாவளிக்கு முன்னா பின்னா என்றால் பழைய பஞ்சாங்கத்தில் திகதியை எடுத்துவிடலாம். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி, இன்றைய திகதியைப் போட்டு வையுங்கள்.

காலைக் கூட்டத்தில் ஒரு நிமிடம்தான் தருவார்கள். எதைச் சொல்வது?

மூன்று போதும். ஒப்பந்தமும் அதன் எண்களும், தொண்டமான், மரடோனா. நேரம் மிச்சம் இருந்தால் 2003 சட்டத்தில் இந்தத் திகதி இருப்பதைச் சொல்லுங்கள். குண்டு, குத்துச்சண்டை எல்லாம் பலகையில் எழுதிவிடலாம், இடைவேளையில் வாசிப்பார்கள்.

எங்கள் தாத்தாவின் அண்ணன் இந்தியாவுக்குப் போனவர். என்றைக்குப் போனார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதலில் அங்கேயிருக்கும் உறவுகளிடம் பழைய இந்தியக் கடவுச்சீட்டைக் கேளுங்கள். தலைமன்னாரில் குத்திய முத்திரையில் திகதி இருக்கும். மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டையைப் பலர் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இங்கே தோட்டத்துக் கந்தோரில் பழைய செக்ரோல் (வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப் பதிவேடு) மிஞ்சியிருந்தால், கடைசியாகப் பெயர் போட்ட மாதத்தைப் பார்க்கலாம். பெரும்பாலான தோட்டங்களில் அது கரையான் தின்றுபோயிற்று, அதனால் ஆட்களிடம் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கள் பெரிய தாத்தாவின் கடவுச்சீட்டைக் கோத்தகிரியிலிருந்து படம் எடுத்து அனுப்பினார்கள். ஒரே கறுப்பு வெள்ளைப் படத்தில் குடும்பம் முழுதும், ஆறு பேர். தாத்தாவின் கையில் ஒரு குழந்தை, படம் எடுக்கும்போது அசைந்திருக்கிறது, முகம் தெரியவில்லை. முத்திரையில் 14 என்ற நாளும் 1972 என்ற வருடமும் தெளிவாக இருக்கிறது. மாதத்தின் மேல் மை பரவிவிட்டது. எங்கள் தாத்தா அந்தப் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஆடி மாசம். மாரியம்மன் கோயில்ல கொடி ஏத்தின மறுநாள் கோச்சி ஏத்திவிட்டேன்" என்றார். ஆடி என்றால் 14ஆம் திகதி ஓகஸ்ட்தான். கொப்பியில் அப்படியே எழுதிக்கொண்டேன்.